கீச்சானின் அரக்கு வால்

உன் மகன் போன வாரம் என் வீட்டுக்கு வந்தான். உன் காரியமெல்லாம் முடிந்து, மொட்டைத் தலையில் முடி அரும்பிக்கொண்டிருந்தது. கையில் ஒரு துணிப்பை. வாசலில் நின்றபடியே, "அப்பா இத உங்களாண்ட குடுக்க சொன்னாரு" என்று நீட்டினான். உள்ளே வா என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. உன் சாவுக்கு நான் வரவில்லை என்பதை அவன் கவனித்திருப்பான். ஊரும் கவனித்திருக்கும். கவனிக்கட்டும்.

பையைக் கையில் வாங்கியதுமே உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்தக் கனத்தைக் கை மறக்கவில்லை. நம் பைனாகுலர். 'நம்' என்று எழுதவே கசக்கிறது, ஆனால் வேறு எப்படி எழுதுவது? மூர் மார்க்கெட்டில், பழைய பட்டாளத்துச் சாமான் விற்கிற கடையில், இருவரும் பேரம் பேசிச் சேர்ந்து வாங்கியது. அதன் தோல்வாரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். கொக்கிக்குச் சற்று மேலே அந்தக் கறை அப்படியே இருக்கிறது. உங்கள் சாயப்பட்டறை அரக்கு. முகூர்த்தப் புடவைக்கென்று ஊர் ஊராய் வந்து கேட்டு வாங்கிப் போகிற அந்தக் கருஞ்சிவப்பு. தோல் வெடித்து உதிர்கிறது, கறை மட்டும் வெளுக்கவில்லை.

நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு வரி எழுதியதில்லை. பக்கத்துத் தெருவில் இருக்கிறவனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா? பேசுவதற்கும் மனம் இல்லை. இப்போது நீ பதில் சொல்ல முடியாத இடத்துக்குப் போன பிறகு எழுதுகிறேன். அன்றைக்கும் நீ சரியாகப் பதில் சொல்லவில்லை, அதனால் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

அறுபதுகளில் நாம் எப்படி இருந்தோம் என்று இன்று யாரிடமாவது சொன்னால் நம்பமாட்டார்கள். நான் தாமலிலிருந்து வந்து காஞ்சிபுரத்தில் அறை எடுத்துத் தங்கிப் படித்தவன். வீட்டில் நிலம் இருந்தது, அண்ணனுக்குக் கட்சி இருந்தது, எனக்கு இரண்டிலும் ஒட்டுதல் இல்லை. உனக்கு வேகவதி ஆற்றோரமாக அப்பாவின் சாயப்பட்டறை. கல்லூரியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தோம். உன் அப்பா படுத்துவிட்டதும் நீ புத்தகத்தை மூடிவிட்டுச் சாய அண்டா முன்னால் போய் நின்றாய். நான் விலங்கியல் படித்து முடித்து அதே கல்லூரியில் செய்முறை வகுப்பு எடுக்கிற வேலையில் சேர்ந்தேன். "தவள அறுக்குற வாத்தியாரு" என்று நீ கேலி செய்வாய். நான் உன் விரல்களைக் காட்டி, "நீ மட்டும் என்ன, கொல செஞ்சிட்டு வந்தவன் மாதிரி இருக்கற" என்பேன். உன் கை எந்த நாளும் ஏதோ ஒரு நிறத்தில்தான் இருக்கும்.

சனிக்கிழமை மதியம் ஆனால் சைக்கிள். தென்னேரி, தாமல் ஏரி, திருமுக்கூடல் மணல் என்று சுற்றுவோம். கொக்கையும் நாரையையும் எல்லோரும் பார்ப்பார்கள். நமக்குப் பிடித்த பைத்தியம் கீச்சான். கொண்டைக்குருவி அளவுதான் இருக்கும், உடம்புக்குப் பொருந்தாத பெரிய தலை, பருந்துக்கு இருப்பது போல வளைந்த மூக்கு, கண்ணை மறைத்துக் கட்டிய கறுப்புத் துணி போல ஒரு பட்டை. வெட்டுக்கிளியையும் ஓணானையும் பிடித்து முள்ளில் குத்தி வைத்துவிட்டு, அப்புறம் வந்து நிதானமாகத் தின்னும். "இது குருவி இல்லப்பா, கசாப்புக்காரன்" என்று நீ சொல்வாய். உனக்கு அதன் மேல் ஒரு மரியாதை இருந்தது.

முதுகு செங்கல் நிறத்தில் இருக்கிற சின்னக் கீச்சானையும், நீண்ட வால்காரனையும் பள்ளிப் பிள்ளைகூடப் பிரித்துச் சொல்லிவிடும். நம்மைப் பாடாய்ப் படுத்தியது பழுப்புக் கீச்சான்தான். புரட்டாசிக்கு முன்பின்னாக வடக்கிலிருந்து வந்து இறங்கும். வந்த அன்றே முள்வேலி உச்சியில் உட்கார்ந்து, இது என் இடம் என்று கரகரவென்று கத்தி ஊரைக் கூட்டும். பிறகு சித்திரை வரை அதே வேலி, அதே கொம்பு. அதற்கு உறவுக்காரன் மாதிரி இன்னொன்று உண்டு, செவ்வால் கீச்சான். அது ராஜஸ்தான் பக்கத்து வறண்ட காட்டோடு நின்றுவிடும், நம் பக்கம் எட்டிப் பார்க்காது என்று படித்திருந்தோம். புத்தகத்துக்குப் புத்தகம் ஒரு பேச்சு. இரண்டும் ஒரே இனத்தின் இரு வடிவம் என்று ஒன்று சொல்லும், இல்லவே இல்லை, வேறு வேறு என்று இன்னொன்று சொல்லும். தூரத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. செவ்வாலுக்கு உடம்பு கொஞ்சம் மணல் வெளுப்பு, ஆணுக்கு இறக்கையில் ஒரு சின்ன வெள்ளைப் புள்ளி, வாலும் வாலடியும் நல்ல சிவப்பு. அவ்வளவுதான் வித்தியாசம்.

புத்தகத்தில் இருந்த அந்தச் செவ்வால் படத்தை எத்தனை தரம் பார்த்திருப்போம்! நான் எப்போதும் நிறத்தைத்தான் முதலில் பார்ப்பேன். நீ பார்க்கமாட்டாய். "நெறத்த நம்பாதப்பா. வெயில்ல ஒண்ணு காட்டும், நெழல்ல ஒண்ணு காட்டும். மொதல்ல அது எப்டி குந்திக்கினு இருக்குதுன்னு பாரு" என்பாய். சாயக்காரன் மகனே இப்படிச் சொல்கிறானே என்று எனக்குச் சிரிப்பு வரும். உன் பட்டறையில் ஈரமாக இருக்கும்போது நூலுக்கு நிறம் சொல்லமாட்டீர்கள். காய வேண்டும், காலை வெளிச்சம் வேண்டும், இரண்டு பேர் பார்க்க வேண்டும். நூலுக்கு அத்தனை நியாயம் வைத்திருந்தவன் நீ.

அந்த வருடம் மழைக்காலம் முழுக்க நான் மஞ்சள் காமாலையில் தாமலில் படுத்துக் கிடந்தேன். கீழாநெல்லியும் மோரும் குடித்து எழுந்து காஞ்சிபுரம் திரும்பியபோது மார்கழி பிறந்துவிட்டது. வந்த முதல் நாள் மாலையே உன் பட்டறைக்குப் பின்னால் ஆற்றோரம் போனேன். பைனாகுலர் அந்த வாரம் என் முறை. எதிர்வெயில் இல்லை, சூரியன் என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. உன் பட்டறை வேலிமுள்ளின் மேல் ஒரு கீச்சான். தலை பழுப்பு, முதுகு பழுப்பு, வால் சிவப்பு. மாலை வெயிலில் அந்த வால் நெருப்புத் துண்டு மாதிரி இருந்தது. இறக்கையில் வெள்ளைப் புள்ளியும் தெரிந்தது. தெரிந்த மாதிரி இருந்தது என்று சொல்ல வேண்டும், ஆனால் அன்றைக்கு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உன் பட்டறைக்கு ஓடி வந்தேன். நீ முழங்கை வரை அரக்கோடு நூலைப் பிழிந்துகொண்டிருந்தாய். "செவ்வாலு. நம்ம ஊர்ல. உன் வேலியில" என்றேன். மூச்சு வாங்கியது. நீ கையை வேட்டியில் துடைத்துவிட்டு வந்தாய். என் கழுத்திலிருந்து பைனாகுலரை வாங்கி, வலது கண் பக்கத்து வளையத்தை உன் கீறலுக்குத் திருப்பினாய். உன் வலது கண்ணுக்கும் என் வலது கண்ணுக்கும் பார்வை வேறு. வாங்கிய புதிதில், ஒருவர் வைத்ததை இன்னொருவர் கலைத்துவிட்டதாகத் தினமும் சண்டை போட்டு, கடைசியில் ஊசியால் இரண்டு கீறல் போட்டோம். உனக்கு மேலே, எனக்குக் கீழே. நீ ரொம்ப நேரம் பார்த்தாய். பிறகு கண்ணை எடுக்காமலேயே, "ஆமாம்பா. செவப்பாதான் இருக்குது" என்றாய்.

அவ்வளவுதான் சொன்னாய். பொய் சொல்லவில்லை. அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்பேன்.

அப்புறம் நடந்ததெல்லாம் நீயும் பார்த்தாய். வேடந்தாங்கலில் எனக்குப் பழக்கமான சென்னைப் பேராசிரியருக்கு எழுதினேன். அவர் பதில் போட்டார். இது நிஜமானால் தென்னாட்டில் பெரிய விஷயம், நானே வலையோடு வந்து பிடித்து, அளந்து பார்த்துவிட்டு விடுகிறேன் என்று. அடுத்த வருடம் வடக்கே பறவைகளுக்குக் கால்வளையம் போடுகிற முகாம் ஒன்று தொடங்குகிறது, கூர்மையான கண் உள்ள ஆள் வேண்டும், நீங்கள் வருகிறீர்களா என்றும் கேட்டிருந்தார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. தவளை அறுப்பதிலிருந்து, அண்ணன் கட்சிக் கூட்டத்துக்கு நாற்காலி போடுவதிலிருந்து, தாமலில் எனக்கென்று பார்த்து வைத்திருந்த நெல் வயலிலிருந்து, எல்லாவற்றிலிருந்தும் விடுதலை. ஒரு பறவையின் வாலைப் பிடித்துக்கொண்டு ஊரை விட்டே போய்விடலாம் என்று நினைத்தேன்.

கல்லூரி முதல்வரிடம் வருடக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அண்ணன் வீட்டுக் கூடத்தில் பத்துப் பேர் முன்னால் சிரித்தான். "கேட்டிங்களா, இவரு குருவிக்கு கொலுசு போட போறாராம்." போய்க் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

நீ என்ன செய்தாய் தெரியுமா? சந்தையிலிருந்து ஒரு கம்பளிப் போர்வை வாங்கி வந்து என் கட்டிலில் போட்டாய். "அங்க குளிரு எலும்ப துளைக்குமாம். காமால வந்த ஒடம்பு" என்றாய். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உலகத்தில் எனக்கு இவன் ஒருவன் போதும் என்று நினைத்தேன். அந்தப் போர்வையைப் போட்டபோது உன் விரல் இடுக்கில் அரக்கு இருந்தது. அதையும் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை.

பேராசிரியர் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் மறுபடியும் வந்தாய். வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாய். என்னவோ சொல்ல வந்தவன் மாதிரி இருந்தாய். தை முகூர்த்தத்துக்கு வேலை நெருக்குகிறது, தினமும் அரக்குதான் ஓடுகிறது என்றெல்லாம் பேசினாய். கிளம்பும்போது, "அந்த வலை வாணாம்னு சொல்லேம்பா. தூரத்துல இருந்தே பாத்துட்டு போவட்டும். பறவ பாவம்" என்றாய். உன் இளகிய மனசு என்று நினைத்தேன். என் புத்தியை என்னவென்று சொல்வது! அரக்கு என்று உன் வாயாலேயே சொல்லியிருந்தாய். ஆனால் அப்படிச் சொல்வதா சொல்வது? நோய்க்காரனிடம் வைத்தியர் பஞ்சாங்கம் படித்துவிட்டுப் போகிற மாதிரி.

மறுநாள் விடிந்ததும் வேலியோரம் வலை கட்டினார்கள். பேராசிரியரும் அவருடைய இரண்டு மாணவர்களும். பக்கத்துத் தெருவில் தறிக்குப் பாவு நூல் நீட்டிக்கொண்டிருந்த நெசவாளர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து கூடினார்கள். அதில் ஒருவர் வலையின் நூலை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "இவ்ளோ மெல்லிசா எந்தத் தறியில நெஞ்சாங்க? பட்டா, நைலானா?" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது. எல்லோருக்கும் திருவிழா. நான் புதுச் சட்டை போட்டிருந்தேன்.

கீச்சான் வந்து வலையில் விழுந்தது. பேராசிரியர் எடுத்தபோது அவர் கட்டை விரலைக் கவ்விக்கொண்டு விடவில்லை. அவர் வலியோடு சிரித்துக்கொண்டே இறக்கையை விரித்தார். வெள்ளைப் புள்ளி இல்லை. "பெண்ணா இருக்கலாம்" என்றார், எனக்காகத்தான் சொன்னார். பிறகு வாலை விரித்து, மேலே மூடியிருந்த சிறு இறகுகளை ஊதி விலக்கிப் பார்த்தார். வாலடி பழுப்பு. வேரில் பழுப்பு. பாதிக்கு மேல்தான் சிவப்பு, அதுவும் திட்டுத் திட்டாக. அவர் முகத்தில் சிரிப்பு மெல்லப் போய்விட்டது. மாணவனிடம் கைக்குட்டையை வாங்கி, தண்ணீரில் நனைத்து, வாலை ஒரு தரம் துடைத்தார். வெள்ளைத் துணியில் ரோஜா நிறம் இறங்கியது.

வலையைத் தடவிப் பார்த்த அதே நெசவாளர் எட்டிப் பார்த்துவிட்டு, "அட, இது நம்ம அரக்கு இல்ல?" என்றார்.

பேராசிரியர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "பழுப்புக் கீச்சான்தான். நல்ல ஆரோக்கியமா இருக்கு" என்று சொல்லி, கையைத் திறந்து விட்டார். அது நேராக எங்கே போயிற்று? பட்டறைக்குப் பின்னால், வேப்பமர நிழலில், நூல் காயப்போட்டிருந்த மூங்கிலுக்குப் போயிற்று. அன்று காலையில் போட்ட ஈர நூல், அரக்கு நூல், வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவில் தன் இடம் என்கிற மாதிரி உட்கார்ந்தது. நிமிர்ந்து, வாலைக் கீழே தொங்கவிட்டு. காற்றில் நூல் ஆடி ஆடி அதன் வாலின் இரண்டு பக்கமும் தடவிக்கொண்டிருந்தது. எல்லோரும் பார்த்தோம். நான் எப்போதும் மாலையில் வருகிறவன், நூலை மதியமே எடுத்துவிடுவீர்கள். தினமும் காலையில் அந்த மூங்கிலுக்குப் பக்கத்தில் நின்றவன் நீ ஒருவன்தான்.

கூட்டத்தில் யாரோ, "சாயம் போற சரக்க மெட்ராஸ்காரனுக்கு வித்துட்டாரு வாத்தியாரு" என்றார்கள். காஞ்சிபுரத்தில் இதைவிடப் பெரிய வசவு கிடையாது. சிரிப்பு ஒரு பக்கம் தொடங்கி மறுபக்கம் வரை போயிற்று. ஆற்றில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்தார்கள். நான் உன்னைத் தேடினேன். நீ வேலிக்கு அந்தப் பக்கம் நின்று உன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

சாயங்காலம் பட்டறைக்கு வந்தேன். அண்டாவில் சாயம் கொதித்துக்கொண்டிருந்தது. ஆட்கள் போய்விட்டார்கள்.

"உனக்கு தெரியுமா?"

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"நீ வந்து சொன்ன அன்னிக்கே."

"அப்ப ஏன் சொல்லல?"

நீ நூலைத் தூக்கிப் பிழிந்தாய். ஒரு முறுக்கு, இரண்டு முறுக்கு. பிறகு என்னைப் பார்க்காமல், "உன் மூஞ்ச பாத்தேம்பா" என்றாய்.

கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி அண்டா மேடையில் வைத்தேன். வைத்தேன் என்பது மரியாதைக்கு, எறிந்தேன். வார் வழுக்கிக் கொதிக்கிற சாயத்துக்குள் விழுந்தது. நீ வெறுங்கையை விட்டு எடுத்தாய். கை வெந்திருக்கும். நான் நின்று பார்க்கவில்லை. கொதிக்காத சாயம் நிற்காது, கொதித்தது போகாது என்று நீ அடிக்கடி சொல்வாய். பறவை வாலில் பட்டது ஒரு துடைப்பில் போய்விட்டது.

நீ சொன்ன அந்தப் பதிலை இத்தனை வருடமாக நான் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டேன். என் முகத்தில் என்ன கண்டாய்? அவ்வளவு சந்தோஷத்தை உடைக்க மனம் வரவில்லையா? அப்படியானால் மறுநாள் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாள் சொல்லியிருக்கலாம். ஒரு மாதம் இருந்தது உனக்கு. அல்லது இவன் இப்படியாவது ஊரை விட்டுப் போய்ப் பிழைக்கட்டும், வடக்கே போனவனைத் துரத்திக்கொண்டு யார் வாலைத் துடைத்துப் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தாயா? போர்வையை வாங்கி வந்ததைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது. சில ராத்திரி வேறு மாதிரியும் தோன்றும். படிப்பை விட்டுவிட்டு அண்டா முன்னால் நின்றவனுக்கு, தன்னைவிட மங்கல் கண்காரன் பெரிய ஆளாகப் போவது பொறுக்கவில்லையோ என்று. நம் இருவரில் கண் உனக்குத்தான் கூர்மை. அது எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். பேராசிரியர் தேடிய ஆள் நீ. அதை நாம் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எது நிஜம் என்று நீதான் சொல்ல வேண்டும், நீ போய்விட்டாய்.

பேராசிரியரிடமிருந்து அப்புறம் கடிதம் வரவில்லை. கல்லூரியில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. போன வேலையைத் திரும்பக் கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அண்ணனின் உரக்கடையில் உட்கார்ந்தேன். யூரியா மூட்டை வாசனையில் என் காலம் போயிற்று. முதல் பத்து வருடம் எனக்கு ஊரில் பெயரே 'அரக்கு வாத்தியார்' என்றுதான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட அந்தப் பெயரைச் சொல்லித்தான் தரகர் அடையாளம் காட்டினார். அந்தப் பெண்தான் கடைசிவரை என்னோடு இருந்தாள், அது என் அதிர்ஷ்டம், உன் புண்ணியம் ஒன்றுமில்லை.

ஒரே ஊரில் இருந்துகொண்டு ஒருவனைப் பார்க்காமல் இருப்பது லேசான வேலை இல்லை. வைகாசி கருட சேவைக் கூட்டத்தில் உன் தலை தெரிந்தால் நான் அடுத்த வீதிக்குப் போய்விடுவேன். ஒருமுறை பேருந்து நிலையத்தில் கிட்டே வந்து, "நல்லா கீறியாப்பா?" என்று கேட்டாய். உனக்கு நரைத்திருந்தது. கண்ணுக்கு முன்னால் நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டேன். அது நான் போக வேண்டிய பஸ் இல்லை. செங்கல்பட்டு வரை போய்த் திரும்பி வந்தேன். அந்தக் கம்பளிப் போர்வையை மட்டும் உனக்குத் திருப்பித் தரவில்லை. மார்கழியில் இன்றும் அதைத்தான் போர்த்துகிறேன். கோபம் வேறு, குளிர் வேறு.

பறவை பார்ப்பதை விட்டுவிட்டேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். விட்டேனா? கையில் ஒன்றும் இல்லாமல், வெறும் கண்ணால், வயல் வரப்பில் நின்று பார்ப்பேன். கீச்சானைக் கண்டால் மட்டும் இன்றுவரை ஒரு கோணல் புத்தி. எல்லோரும் தலையைப் பார்த்து அடையாளம் சொல்வார்கள். நான் வாலைப் பார்ப்பேன். வாலைப் பார்த்ததும் சுற்றிலும் பார்ப்பேன், பக்கத்தில் எங்காவது ஈர நூல் தொங்குகிறதா என்று. மனிதர்களிடமும் அப்படித்தான் ஆகிவிட்டேன். யாராவது என்னிடம் பிரியமாகப் பேசினால், இவன் எதைச் சொல்லாமல் விடுகிறான் என்றுதான் முதலில் தோன்றும். என் பிள்ளைகளுக்கே அது தெரியும். இது உன்னால் வந்தது.

உன் மகன் காபி குடித்துக்கொண்டே சொன்னான். அவன் சொல்லவேண்டும் என்று வந்ததாகத் தெரியவில்லை, பேச்சுவாக்கில் வந்தது. "அப்பா வேப்பமரத்தாண்ட இருக்குற அந்த ஒரு மூங்கில்ல மட்டும் நூலு போட வுடமாட்டாருங்க. பொரட்டாசி வந்துட்டா ஒரு இழ தொங்கக் கூடாது. முகூர்த்த நேரம், எடம் பத்தலன்னு கத்துவோம். 'வேற எங்கனா போடுங்கடா. அதுக்கு ஆளு வர்ற நேரம்'னு சொல்லுவாரு. யாரு ஆளுன்னு கேட்டா சிரிப்பாரு. ஒரு குருவிதாங்க வந்து குந்தும்."

"இப்பவும் காலியாவா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. பழகிப்போச்சி" என்றான்.

நான் எழுந்து உள்ளே போய் முகம் கழுவிவிட்டு வந்தேன். அந்தப் பறவை செத்து எத்தனை தலைமுறை ஆகியிருக்கும். எதுவோ ஒன்று வருடா வருடம் வந்து உட்கார்ந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. அதன் வாலில் ஒரு சொட்டுச் சாயம் படாமல் கடைசிவரை பார்த்துக்கொண்டாய். நல்லது. யாருக்கோ செய்ய வேண்டியதை யாருக்கோ செய்தாய். அந்தக் கீச்சானுக்கு ஒரு மூங்கிலையே விட்டுக்கொடுத்தவன், எனக்கு ஒரு வார்த்தை கொடுத்திருக்கலாம். 'ஏமாந்துட்ட, அது நம்ம சாயம்' என்று அன்று மாலையே சொல்லியிருந்தால் நானும் உன்னோடு சேர்ந்து சிரித்திருப்பேன். அடுத்த சனிக்கிழமை தென்னேரிக்குப் போயிருப்போம். எத்தனை சனிக்கிழமைகள் போயிருப்போம்.

இன்று காலை என் மாடிக்கு எதிரே கேபிள் கம்பியில் அந்தக் கரகரப்புக் கேட்டது. இந்த வருடத்தின் முதல் கீச்சான். பைனாகுலரை எடுத்துக்கொண்டு மேலே போனேன். கண்ணில் வைத்தால் இடது பக்கம் தெளிவு, வலது பக்கம் ஒரே மங்கல். வளையத்தைப் பார்த்தேன். அது மேல் கீறலில் நின்றது. அப்படியானால் இத்தனை வருடமும் நீ இதில் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாய், கடைசியாகப் பார்த்ததும் நீதான்.

உன் கீறலில் இருந்தால் எனக்குப் பறவை தெரியாது. கொஞ்ச நேரம் அந்த மங்கலிலேயே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு வளையத்தை என் கீறலுக்குத் திருப்பினேன். இனி இதை மேலே திருப்ப யாரும் இல்லை.

வால் பழுப்புதான்.